ரயிலேறிப் பிழைப்போருக்கும் உண்டு தவக்காலம்

தங்கவயல் கிறிஸ்தவர்கள் நாற்பது நாளை நடத்தும் விதம்

(நமது தங்கவயல் நிருபர்)

கோலார் தங்கவயலில் பொழுது புலருமுன்பே ஜனங்கள் எழுந்துவிடுகிறார்கள். மாரிகுப்பம், சாம்பியன், உரிகம், கோரமண்டல் ஸ்டேஷன்களில் சாப்பாட்டு டப்பாவும் தோள்பையுமாக ஆணும் பெண்ணும் ரயிலுக்குக் காத்து நிற்கிறார்கள். பெங்களூர் போய்ச் சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. திரும்பி வரவும் அதே நேரம். 1880-ம் ஆண்டு ஜான் டெய்லர் கம்பெனி வந்ததிலிருந்து தலைமுறை தலைமுறையாக ஊருக்குச் சோறு போட்ட தங்கச் சுரங்கம், 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டது. அதன் பிறகு ஊரில் பாதிப் பேருக்குச் சோறு போடுவது இந்த ரயில்தான் என்றால் மிகையில்லை.

இந்த ரயிலில் வருகிறவர்களில் கிறிஸ்தவர்கள் கணிசமானவர்கள். வட ஆற்காடு, சேலம் பக்கங்களிலிருந்து பாட்டன் காலத்தில் சுரங்க வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். கத்தோலிக்கர்களும் உண்டு, தென்னிந்தியத் திருச்சபையாரும் உண்டு, மற்ற சபையாரும் உண்டு. வருஷந்தோறும் தவக்காலம் பிறந்ததும் இவர்களிடமிருந்து ஒரே பல்லவியைக் கேட்கலாம்: “ஜெபம் பண்ண ஆசைதான். நேரம் எங்கே இருக்கிறது?”

இது சாக்குப்போக்கு அல்ல. விடியுமுன் வீட்டை விட்டு, விளக்கு வைத்த பின் வீடு திரும்புகிறவர்களின் நியாயமான கேள்வி. கோயிலில் மாலை ஆறு மணிக்குச் சிலுவைப்பாதை தொடங்கும்போது இவர்கள் மாலூரில் நின்றுகொண்டிருப்பார்கள். ஆனாலும் இதே ரயிலில் நாற்பது நாளையும் ஒழுங்காக நடத்தி முடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்று விசாரித்ததில் தெரிய வந்ததுதான் இந்தக் கட்டுரை.

நாற்பது என்ற கணக்கு

கத்தோலிக்கர் தவக்காலம் என்கிறார்கள். தபசு காலம் என்பது பழைய வழக்கு. மற்ற சபையார் லெந்து நாட்கள் என்கிறார்கள். பெயர் வேறானாலும் கணக்கு ஒன்றுதான்.

சாம்பல் புதனன்று தொடங்கி ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை வரை எண்ணினால் 46 நாள் வரும். அதில் ஆறு ஞாயிற்றுக்கிழமைகள். ஞாயிறு ஆண்டவர் உயிர்த்த நாள். அன்று உபவாசம் கிடையாது. ஆறைக் கழித்தால் 40. கி.பி. 325-ல் கூடிய நிசேயா பொதுச்சங்கத்தின் சட்டங்களிலேயே ஈஸ்டருக்கு முந்தின இந்த ‘நாற்பது’ பற்றிய பேச்சு வருகிறது. அவ்வளவு பழமையான வழக்கம்.

தேதி வருஷத்துக்கு வருஷம் மாறுவதற்கும் காரணம் உண்டு. மார்ச் 21-ம் தேதியன்றோ அதன் பிறகோ வரும் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு ஈஸ்டர். ஆகவே ஈஸ்டர் மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் இடையில் எந்த நாளிலும் விழலாம். சாம்பல் புதனும் பிப்ரவரி 4-லிருந்து மார்ச் 10 வரை முன்னும் பின்னும் நகரும்.

நாற்பது என்பது வேதத்தில் சும்மா வந்த எண் அல்ல. நோவா காலத்து மழை நாற்பது நாள். மோசே சீனாய் மலையில் இருந்தது நாற்பது நாள். இஸ்ரவேலர் வனாந்தரத்தில் அலைந்தது நாற்பது வருஷம். இயேசு பாலைவனத்தில் பசித்திருந்தது நாற்பது நாள். எங்கெல்லாம் நாற்பது வருகிறதோ, அங்கெல்லாம் ஒரு பழைய வாழ்வு முடிந்து புது வாழ்வு தொடங்குகிறது. எனவே நாற்பது நாள் என்பது சோகம் கொண்டாடும் காலம் அல்ல. ஆள் மாறுவதற்குக் கொடுக்கப்படும் அவகாசம்.

ஆனால் வழக்கத்தில் என்ன நடக்கிறது? சாம்பல் பூசிக்கொண்ட முதல் வாரம் உற்சாகம். இரண்டாம் வாரம் மறதி. அப்புறம் வெள்ளிக்கிழமை கறி மீன் இல்லை என்பதோடு சரி. பிறகு குருத்தோலை ஞாயிறன்று திடீரென்று விழித்துக்கொண்டு, பெரிய வெள்ளியன்று வெள்ளை உடுத்திக் கோயிலில் நிற்கிறோம். நடுவில் முப்பது நாள் எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியாது. அந்த முப்பது நாளைக் காப்பாற்றுவதுதான் விஷயம்.

நெற்றியில் சாம்பலும் ஆபீஸ் நண்பர்களும்

போன வருஷத்துக் குருத்தோலைகளை எரித்த சாம்பலால் குருவானவர் நெற்றியில் சிலுவை வரைகிறார். மனிதன் மண்ணிலிருந்து வந்தவன், மண்ணுக்கே போகிறவன் என்பதை நினைப்பூட்டுகிறார். சாம்பல் புதன் அரசாங்க விடுமுறை அல்ல. விடியற்காலைப் பூசையில் சாம்பல் வாங்கிக்கொண்டு அப்படியே ரயிலேறுகிறவர்கள் பலர்.

ஆபீசில் விபூதி தரித்த நண்பர்கள் சிரிப்பார்கள். “என்ன சார், இன்றைக்கு நீங்களும் எங்கள் கட்சியா?” என்று கேட்பார்கள். கேட்கட்டும். தமிழ்க் கத்தோலிக்கர் இந்த நாளைத் திருநீற்றுப் புதன் என்று அழைப்பதும் அந்த உறவை வைத்துத்தானே! சாம்பலைப் பார்த்தால் உடம்பின் முடிவு நினைவுக்கு வர வேண்டும் என்பது இரண்டு சாராருக்கும் பொது.

ஆனால் அதே புதனன்று பூசையில் வாசிக்கப்படும் நற்செய்திப் பகுதி வேறொன்று சொல்கிறது. உபவாசம் இருக்கும்போது முகத்தை வாட வைத்து ஊருக்குக் காட்டாதே, தலைக்கு எண்ணெய் வைத்து முகத்தைக் கழுவு என்கிறார் ஆண்டவர். மத்தேயு 6-ம் அதிகாரத்தில் இது இருக்கிறது. நெற்றியில் அடையாளம், வாசகத்தில் ‘காட்டாதே’ என்ற கட்டளை! இரண்டும் முரண் அல்ல. சாம்பல் ஒரு நாள் இருக்கும். மறுநாள் முகம் கழுவியாகிவிடும். மீதி நாட்கள் யார் கண்ணுக்கும் தெரியாமல் நடக்க வேண்டியவை.

கதவைச் சாத்தும் அறை எங்கே?

அதே அதிகாரத்தில்தான் இன்னொரு வார்த்தையும் வருகிறது. ஜெபம் பண்ணும்போது உன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள் என்பது. தங்கவயலின் பழைய லைன் வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். ஓர் அறை, ஒரு சமையல் மூலை. அதில் ஐந்து பேர், ஏழு பேர். பெங்களூரில் அறை எடுத்துத் தங்கும் பையன்களின் நிலைமையும் அதுவே. சாத்துவதற்குக் கதவு உண்டு. கதவுக்குள்ளே தனிமை இல்லை.

இதற்குப் பதில் சொன்னவர் ஒரு பழைய சுரங்கத் தொழிலாளி. வயது எழுபத்தைந்துக்கு மேல். சாம்பியன் ரீப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமாகப் பூமிக்குள் இறங்கிய சுரங்கம் அது. பாறை வெடிப்பில் உயிர் போனவர்கள் பலர். ஆட்களைக் கீழே இறக்கும் கூண்டை ‘கேஜ்’ என்பார்கள்.

“தம்பி, கேஜுக்குள்ளே நெருக்கியடித்து நிற்போம். முட்டி போட இடம் ஏது? கையெடுத்துக் கும்பிடவும் இடமில்லை. கேஜ் விழுகிற வேகத்தில் காது அடைத்துவிடும். அதுதான் என் அறை. காது அடைத்ததும் ஒரு பரலோக மந்திரம், ஒரு மங்கள வார்த்தை. கீழே இறங்கி நிற்பதற்குள் முடித்துவிடுவேன். மேலே வரும்போது ஒரு ஸ்தோத்திரம். இருபத்தெட்டு வருஷம் ஒரு ஷிப்டு விட்டதில்லை. தபசு காலம் வந்தால் மட்டும், அன்றைக்கு ஞாயிறு பூசையில் கேட்ட வார்த்தை ஒன்றை நினைத்துக்கொண்டே டிரில் பிடிப்பேன்” என்றார்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அவர் ஜெபத்துக்கென்று புதிதாக நேரம் தேடவில்லை. தினமும் தவறாமல் நடக்கிற ஒரு காரியத்தோடு ஜெபத்தை முடிச்சுப் போட்டார். கேஜில் இறங்காமல் வேலை இல்லை. எனவே ஜெபம் இல்லாமலும் நாள் இல்லை என்றாகிவிட்டது. நாற்பது நாளையும் நடத்தி முடிக்கிற ரயில் பயணிகள் எல்லாரும், விசாரித்துப் பார்த்தால், இதே முறையைத்தான் கைக்கொள்கிறார்கள்.

ரயிலில் பதினைந்து நிமிஷம்

ஒயிட்பீல்டு பக்கம் தையல் பாக்டரிக்குப் போகிற பெண்மணி ஒருவர், பங்காருப்பேட்டை தாண்டியதும் பையிலிருந்து சிறிய புதிய ஏற்பாட்டை எடுக்கிறார். டேக்கல் வரும் வரை வாசிப்பு. மாலூர் வரும் வரை மௌனம். “மாலூரில் கூட்டம் ஏறிவிடும். அதற்குள் முடித்துவிட வேண்டும்” என்கிறார். சிவாஜிநகரில் குமாஸ்தா வேலை பார்க்கும் ஒருவருக்கு உட்கார இடமே கிடைப்பதில்லை. அவர் வீட்டிலேயே ஒரு பகுதியை வாசித்துவிட்டு, நின்றபடியே அதை மனதில் அசை போடுகிறார். ஜெபமாலை சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். கைக்குட்டைக்குள் மணியை உருட்டிக்கொண்டு துக்க தேவரகசியங்களை முடிக்க இருபது நிமிஷம் போதும்.

இவர்கள் சொன்னதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் நான்கு படிகள் தெரிகின்றன.

முதலாவது, வாசிப்பு. ஒரு நாளைக்கு ஒரு சிறு பகுதி போதும். மாற்கு நற்செய்திக்கு 16 அதிகாரம். பெரிய அதிகாரங்களை மூன்று, நான்காகப் பிரித்துக்கொண்டால் நாற்பது நாளில் மாற்கு முழுவதையும் வாசித்துவிடலாம்.

இரண்டாவது, ஒரே ஒரு காரியத்தைப் பிடித்துக்கொள்வது. வாசித்ததில் நம்மைத் தைத்தது எது? அதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடலாம். நாள் முழுவதும் அது கூடவே வரட்டும்.

மூன்றாவது, ஒரு பெயர். அன்றைக்கு யாருக்காக ஜெபிக்கிறோம்? ‘எல்லாருக்காகவும்’ என்று சொன்னால் ஒருவருக்கும் இல்லை என்று அர்த்தம். ஊரில் இருக்கும் அம்மா, ஆஸ்பத்திரியில் கிடக்கும் அடுத்த வீட்டுக்காரர், நம்மைத் திட்டிய மேஸ்திரி என்று நாளுக்கு ஒருவர்.

நான்காவது, இரவில் ஒரு கணக்கு. படுக்குமுன் இரண்டு நிமிஷம். காலையில் பிடித்த வார்த்தை பகலில் எங்கே உதவிற்று, எங்கே கைவிட்டோம் என்று பார்ப்பது. கடைக்காரர் கல்லாவை எண்ணிப் பார்ப்பதுபோல. இதைச் செய்யாவிட்டால் மற்ற மூன்றும் காற்றோடு போய்விடும்.

எதை வாசிப்பது என்று திகைப்பவர்களுக்குக் கோயில் ஏற்கெனவே வழி போட்டுக் கொடுத்திருக்கிறது. கத்தோலிக்கப் பூசையில் தவக்காலத்தின் முதல் ஞாயிறு எப்போதும் பாலைவனச் சோதனை. இரண்டாம் ஞாயிறு எப்போதும் மலைமேல் இயேசு உருமாறியது. மூன்று வருஷச் சுற்றில் முதல் வருஷத்தில், அடுத்த மூன்று ஞாயிறுகளுக்குச் சமாரியப் பெண், பிறவிக் குருடன், லாசரு. தாகம் தீர்கிறது, கண் திறக்கிறது, செத்தவன் எழுகிறான். ஞாயிறு கேட்டதை வாரம் முழுவதும் ரயிலில் மென்றால் அதுவே போதுமான தியானம்.

தென்னிந்தியத் திருச்சபையில் பல ஊர்களில் லெந்து நாட்களில் வீட்டுக்கு வீடு ஜெபக்கூட்டம் வைக்கும் வழக்கம் இருக்கிறது. ஒரு வீட்டில் ஒரு பகுதி வாசித்து, கீர்த்தனை பாடி, ஆளுக்கொரு வார்த்தை ஜெபித்துக் கலைகிறார்கள். ஷிப்டு முடிந்து எட்டரை மணிக்கு வருகிறவர்களும் கடைசிப் பாட்டுக்காவது வந்து சேரலாம்.

வயலிலிருந்து வந்த ஒருவன்

தவக்கால வெள்ளிக்கிழமை என்றால் சிலுவைப்பாதை. பதினான்கு ஸ்தலங்கள். எருசலேமுக்குப் போய் ஆண்டவர் நடந்த வழியில் நடக்க முடியாத எளிய ஜனங்களுக்காக உண்டான பக்தி இது. ஸ்தலங்கள் பதினான்கு என்று 1731-ல் பன்னிரண்டாம் கிளமெந்து பாப்பரசர் நிலைப்படுத்தினார். இதில் மூன்று தரம் விழுவதும், வெரோணிக்கம்மாள் முகம் துடைப்பதும் நற்செய்திகளில் இல்லை, பாரம்பரியத்தில் வந்தவை. 1991-ல் இரண்டாம் ஜான்பால் பாப்பரசர் ரோமாபுரியில் பெரிய வெள்ளியன்று நற்செய்தியில் உள்ள சம்பவங்களை மட்டுமே கொண்டு சிலுவைப்பாதை நடத்தினார். இரண்டு முறையும் இப்போது வழக்கத்தில் இருக்கின்றன.

மாலைச் சிலுவைப்பாதைக்கு வர முடியாதவர்கள் ரயிலில் ஒரே ஒரு ஸ்தலத்தை எடுத்துத் தியானித்தால் போதும். எல்லாவற்றிலும் நமக்கு அதிகம் பொருந்துவது ஐந்தாம் ஸ்தலம் என்று சொல்லத் தோன்றுகிறது. சிரேனே ஊர் சீமோன் சிலுவை சுமக்க உதவிய இடம் அது.

அவன் யார்? சிரேனே என்பது வடக்கு ஆப்பிரிக்காவில், இன்றைய லிபியாவில் இருந்த பட்டணம். அந்நிய ஊரில் பிறந்தவன். மாற்கு எழுதும்போது, அவன் நாட்டுப்புறத்திலிருந்து வந்துகொண்டிருந்தான் என்கிறார். அவன் சிலுவையைப் பார்க்க வரவில்லை. பக்தியினால் முன்வரவும் இல்லை. வழியே போனவனைச் சிப்பாய்கள் பிடித்து, பாரத்தைத் தோளில் ஏற்றினார்கள். அவனுக்கும் வீட்டில் ஆயிரம் ஜோலி இருந்திருக்கும். ஆனாலும் அவன் பிள்ளைகள் அலெக்சந்தர், ரூபு ஆகிய இருவரின் பெயரும் நற்செய்தியில் பதிந்திருக்கிறது. அந்தக் குடும்பம் விசுவாசிகளுக்குத் தெரிந்த குடும்பமாகிவிட்டது என்று இதிலிருந்து கொள்ளலாம்.

வேலைக்குப் போய் வரும் வழியில், தான் கேட்காத பாரம் தோளில் ஏறிய மனிதன். பிழைப்புக்காக வெளியூரில் வாழ்கிறவர்களுக்கு இவனைவிட நெருங்கிய உறவு சிலுவைப்பாதையில் வேறு யார்? படுத்த படுக்கையான மாமியார், குடிக்கிற தம்பி, கட்டி முடியாத வட்டி என்று நாம் கேட்காமலே ஏறிய பாரங்கள் ஒவ்வொருவருக்கும் உண்டு. அதை இழுத்துக்கொண்டு போகும்போது நமக்கு ஓரடி முன்னால் யார் நடக்கிறார் என்று பார்ப்பதுதான் ஐந்தாம் ஸ்தலத்துத் தியானம்.

வயிறு காய்ந்தால் போதாது

இனி உபவாசம். கத்தோலிக்கச் சட்டப்படி சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் கட்டாய உபவாச நாட்கள். 18 வயது நிறைந்தவர் முதல் 59 வயது நிறையும் வரை உள்ளவர்களுக்கு இது பொருந்தும். ஒரு வேளை முழுச் சாப்பாடு, மற்ற இரு வேளை சிறிதளவு. 14 வயது நிறைந்தவர்களுக்கு அந்த நாட்களில் இறைச்சி விலக்கு. நோயாளிகளுக்கும், கடும் உழைப்பினால் உபவாசம் தாங்காதவர்களுக்கும் விலக்கு உண்டு. சர்க்கரை வியாதிக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் வைத்தியரைக் கேட்காமல் பட்டினி கிடப்பது பக்தி அல்ல.

இங்கே எலியா தீர்க்கதரிசியின் கதையை நினைத்துக்கொள்வது நல்லது. உயிருக்குப் பயந்து ஓடிவந்து, வனாந்தரத்தில் ஒரு செடியின் அடியில் படுத்து, இனிப் போதும், சாகிறேன் என்றார் எலியா. தேவதூதன் வந்து அவரைக் கடிந்துகொள்ளவில்லை. சுட்ட அப்பமும் ஒரு குடம் தண்ணீரும் வைத்து எழுப்பினான். சாப்பிட்டுவிட்டு மறுபடி படுத்தார். இரண்டாம் தரமும் எழுப்பி, போக வேண்டிய தூரம் அதிகம், சாப்பிடு என்றான். அதன் பிறகே அவர் ஓரேபு மலைக்கு நாற்பது நாள் நடந்தார். களைத்தவனுக்கு ஆண்டவர் முதலில் சோறு போடுகிறார். பிறகுதான் நடக்கச் சொல்கிறார்.

ஏசாயா 58-ம் அதிகாரம் இன்னும் கண்டிப்பானது. உபவாச நாளிலேயே உங்கள் வேலைக்காரரை வாட்டுகிறீர்களே என்று கேட்கிறார் தீர்க்கதரிசி. பசித்தவனோடு அப்பத்தைப் பங்கிடுவதும், வீடற்றவனை வீட்டில் சேர்ப்பதும், அநியாயக் கட்டுகளை அவிழ்ப்பதுமே ஆண்டவர் விரும்பும் உபவாசம் என்கிறார். நாம் யாருக்கும் முதலாளி இல்லை என்று தப்பிக்க முடியாது. வீட்டில் பாத்திரம் தேய்க்க வருகிற அம்மாவின் சம்பளத்தைப் பத்தாம் தேதி வரை இழுத்தடிக்கிறவர்களும் நம்மில் உண்டு.

பிடி அரிசி என்ற வழக்கம் தமிழ்க் கிறிஸ்தவர்களிடையே நெடுநாளாக இருக்கிறது. உலையில் போடுமுன் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்து, வாரக் கடைசியில் கோயிலில் சேர்ப்பது. உபவாசத்தின் அர்த்தம் முழுவதும் அந்த ஒரு பிடியில் அடங்கிவிட்டது. நம் தட்டில் குறைந்தது இன்னொருவர் தட்டில் சேர வேண்டும். சேராவிட்டால் அது வெறும் மிச்சம் பிடித்தல்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். சாயங்கால டீயும் வடையும் 25 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், நாற்பது நாளைக்கு 1,000 ரூபாய். ஒரு ஏழைப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் திறக்கும்போது நோட்டும் பையும் வாங்க அது உதவும். சாராயத்தை நாற்பது நாள் விடுகிறவருடைய கணக்கு இன்னும் பெரியது. அதை அவர் மனைவிதான் சரியாகப் போட்டுக் காட்டுவார்!

மாலை போட்டு விரதம் இருக்கும் ஐயப்ப பக்தர்களையும், நோன்பு பிடிக்கும் முஸ்லிம் நண்பர்களையும் இதே ரயிலில் பார்க்கிறோம். 2025-ல் ரம்ஜான் நோன்பும் தவக்காலமும் மார்ச் மாதத்தில் சேர்ந்தே வந்தன. ஒரே பெஞ்சில் இரண்டு விரதக்காரர்கள். ஒருவருக்கு மற்றவர் கஷ்டம் சொல்லாமலே தெரியும்.

பேச்சு வந்தது, பணம் வரவில்லை

பலிபீடத்தில் காணிக்கை வைக்க வரும்போது, உன் சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் இருப்பது ஞாபகம் வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய்ச் சமாதானமாகு என்கிறார் ஆண்டவர். தவக்காலத்தில் எல்லாவற்றையும்விடக் கடினமானது இதுதான். இறைச்சியை விட்டுவிடலாம், குடியைக்கூட விட்டுவிடலாம். வைராக்கியத்தை விடுவது சுலபமல்ல.

தங்கவயலில் இரண்டு சகோதரர்கள். அப்பா சுரங்கத் தொழிலாளி. சுரங்கம் மூடியபோது வந்த செட்டில்மெண்ட் பணத்தில் பங்குத் தகராறு. அப்பா போய்ச் சேர்ந்த பிறகும் தீரவில்லை. இருவரும் ஒரே ரயிலில் வெவ்வேறு பெட்டியில் போய் வந்துகொண்டிருந்தார்கள், பல வருஷமாக. தவக்காலத்தில் நாளுக்கு ஒரு பெயர் சொல்லி ஜெபிக்கும் பழக்கம் தம்பிக்கு உண்டு. எல்லாப் பெயரும் வந்தது, அண்ணன் பெயர் மட்டும் வரவில்லை. ஒரு வருஷம் நான்காம் வாரத்தில் சொல்வதற்கு வேறு பெயர் இல்லாமல் போய், அண்ணன் பெயரைச் சொன்னாராம்.

“முதல் நாள் வாய் சொல்லிற்று, மனசு சொல்லவில்லை. ஆறு நாள் அதே பெயரைச் சொன்னேன். ஏழாம் நாள் உரிகத்தில் இறங்கி அவர் பெட்டியில் ஏறினேன். ‘அண்ணே, அண்ணி உடம்பு எப்படி இருக்கிறது?’ என்று கேட்டேன். நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுத்தார்” என்றார் தம்பி.

பணம் என்ன ஆயிற்று என்று கேட்டோம். சிரித்தார். “பேச்சு வந்துவிட்டது சார். பணம் வரவில்லை. இனி வராது. பரவாயில்லை. அவர் பெண் கல்யாணத்துக்கு நான்தான் பந்தல் வேலை பார்த்தேன்.”

தினசரி ஜெபம் என்ன செய்யும் என்று கேட்பவர்களுக்கு இதைவிடப் பெரிய அற்புதத்தைச் சொல்லத் தெரியவில்லை. ஜெபம் பணத்தைத் திருப்பிக் கொண்டுவரவில்லை. ஓர் ஆளைப் பெட்டி மாறி ஏற வைத்தது. ஒரே நாளில் அல்ல, ஏழு நாளில். ஒரு நாள் உருகி அழுவதைவிட, நாள்தோறும் வறண்ட மனசோடாவது அதே இடத்தில் நிற்பது அதிகப் பலன் தரும் என்பதற்கு இது சாட்சி.

நடுவில் விட்டுப்போனால்?

இதைத்தான் பலரும் கேட்கிறார்கள். ஓவர்டைம், காய்ச்சல், ஊரில் ஒரு சாவு என்று பத்து நாள் விட்டுப்போகிறது. விட்ட பத்து நாளையும் சேர்த்து வாசித்துத் தீர்க்க வேண்டுமா? வேண்டாம் என்கிறார் தங்கவயல் குருவானவர் ஒருவர். விட்ட இடத்தை எண்ணிக்கொண்டிருந்தால் மனசு சோர்ந்து எல்லாவற்றையும் விட்டுவிடத் தோன்றுமாம். “சிலுவைப்பாதையில் ஆண்டவர் மூன்று தரம் விழுந்ததாகச் சொல்கிறோம். விழுந்த இடத்தைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றாரா? எழுந்து நடந்தார். அன்றைய பகுதியை அன்றைக்கு வாசித்தால் போதும்” என்பது அவர் யோசனை.

பரிசுத்த வாரம் வந்துவிட்டால் வேலைக்குப் போகிறவர்கள் முன்கூட்டியே திட்டமிட வேண்டும். பெரிய வெள்ளி விடுமுறை நாள். பெரிய வியாழன் விடுமுறை இல்லை. ஆனால் அன்று மாலைதான் பாதம் கழுவும் சடங்கும் இரவு ஆராதனையும். ஊருக்கு வந்து சேர முடியாதவர்கள் சிவாஜிநகர் மரியன்னை பேராலயம் போன்ற பெங்களூர்க் கோயில்களில் பங்கு கொள்ளலாம். தமிழ் வழிபாட்டு நேரத்தை முன்னமே விசாரித்து வைத்துக்கொள்வது நலம். பெரிய வெள்ளி பகல் 12 முதல் 3 மணி வரை, தென்னிந்தியத் திருச்சபை ஆலயங்களில் சிலுவையில் ஆண்டவர் சொன்ன ஏழு வார்த்தைகளின் தியானம் நடக்கிறது. செக்யூரிட்டி, ஆஸ்பத்திரி, ரயில்வே வேலைகளில் இருப்பவர்களுக்கு அன்றும் டியூட்டி இருக்கும். மூன்று மணிக்கு இருந்த இடத்திலேயே ஒரு நிமிஷம் எழுந்து நின்றாலும் அவர்கள் அந்த ஆராதனையில் சேர்ந்தவர்களே.

நாற்பது நாளும் முடிந்து ஈஸ்டர் வந்த பிறகு, வாசிப்பை மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிட வேண்டியதில்லை. பங்காருப்பேட்டை தாண்டியதும் புத்தகத்தை எடுக்கும் அந்தப் பெண்மணியிடம், ஈஸ்டருக்குப் பிறகு என்ன செய்வீர்கள் என்று கேட்டபோது, “ரயில் அப்போதும் டேக்கல் வழியாகத்தானே போகிறது?” என்றார்.